கேக்குக்கு மட்டும்

என் மேசையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை விரல் நீளத்துக்கு வெட்டி அதன் மூடியில் ஒட்டி, மேலே நீலப் பேனாவால் ‘கேக்குக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். எழுத்து என் மதினியுடையது, அண்ணனின் மனைவி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது அவர் ஒரு சின்ன வட்டமாகத்தான் போடுவார். பெட்டிக்குள் இருந்தது ஏர்பிரஷ். பேனாவைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, மேலே குன்றிமணி அளவில் ஒரு விசை, அதை ஒட்டி வண்ணம் ஊற்ற ஒரு சிறு கிண்ணம். கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்று அந்த வண்ணத்தைப் புகையாகத் தெளிக்கும். நான் அதை வைத்துத்தான் மூன்று வருஷமாகப் பெருவிரல் நீளக் கார்களுக்கு வண்ணம் அடித்தேன். ஒரு கேக்குக்குக்கூட அடித்ததில்லை. அந்தப் பிளாஸ்திரியை உரித்துப் போட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நகத்தைக் கொண்டுபோயிருக்கிறேன். ஓரம் லேசாகத் தூக்கியதுமே திரும்ப அழுத்தி ஒட்டிவிடுவேன்.

எனக்குத் திருநெல்வேலி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது நான்தான். வருகிறவர்களுக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எனக்கென்று ஒரு பொருள் வாங்கவேண்டும் என்றால் மட்டும் ஆறு மாசம் ஆகும். கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். பாளையங்கோட்டையில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். மாடி அறை எனக்கு. அங்கேதான் என் கார்கள். கடையில் விற்கிற சின்ன இரும்புக் காரை வாங்கி, பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, புதிதாக அடித்து, கண்ணாடியும் விளக்கும் வைத்து அலமாரியில் நிறுத்துவேன். மாடல் கார் என்று சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் பொம்மைக் கார் என்றுதான் சொல்லுவார்கள்.

முதலில் தூரிகையால்தான் அடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மெல்லியதாக அடித்தாலும் கோடு விழும். ஏர்பிரஷ் இல்லாமல் ஆகாது என்று முடிவுசெய்த அன்று ஆரம்பித்தது என் ஆராய்ச்சி. விசையை அழுத்தினாலே காற்றும் வண்ணமும் சேர்ந்து வருகிற வகை ஒன்று. அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால்தான் வண்ணம் என்கிற வகை இன்னொன்று. முதலாவது சுலபம், இரண்டாவதில் வித்தை காட்டலாம், ஆனால் விரல் பழக வேண்டும். ஊசி முனை எத்தனை நுண்மையாக இருக்கவேண்டும், கம்ப்ரசருக்குத் தொட்டி வேண்டுமா வேண்டாமா என்று கேள்விகள் வளர்ந்துகொண்டே போயின. காலையும் மாலையும் பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டுகிற நேரமெல்லாம் போனில் இதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். லென்ஸ் உறைகளின் பின்பக்கத்தில் குறிப்புகள் எழுதினேன். கையில் பிடித்துப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது என்று ஜங்ஷன் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியை எடுத்து வைத்து, “இதுதான் அண்ணாச்சி இருக்கு, எவ்ளோ பெரிய வண்டி?” என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து வண்டியை எடுத்துக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இத்தனைக்கும் நான் தேடிய அதே கருவி, நான் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு ஆறடி தள்ளி, அடுக்களை அலமாரியில் இருந்தது. மதினி வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துவந்தார். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், புதுநன்மை என்று பாளையங்கோட்டையில் பாதி வீடுகளுக்கு அவருடைய கேக் போயிருக்கும். கிரீமின் மேல் வண்ணம் தெளிக்க அவர் ஒரு ஏர்பிரஷை ஒரே சாயங்காலத்தில் தேர்ந்தெடுத்து வரவழைத்தார். ‘இது போதும்’ என்றார், அவ்வளவுதான். பின்னுக்கு இழுக்கிற வகை அது. அவருடைய விரல் அதில் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வெள்ளைக் கிரீமில் அவர் அடிக்கிற வானம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுவேன். ஒருநாள் அவரே எடுத்துக் கையில் கொடுத்தார்.

“தண்ணி ஊத்தி அடிச்சுப் பழகுங்க தம்பி. பெயிண்டு மட்டும் வேண்டாம். பிள்ளைங்க திங்குத சாமான்லா.”

அடித்துப் பழகினேன். பழைய பேப்பரில் தண்ணீரால் கோடு போட்டேன், வட்டம் போட்டேன். பழகி முடித்ததும் கழுவித் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அந்தப் பிளாஸ்திரி அதற்கு அடுத்த நாள் ஒட்டியது. என் மேல் சந்தேகப்பட்டு அவர் ஒட்டவில்லை. அண்ணன் அதைச் சைக்கிளுக்கு எண்ணெய் விடக் கேட்டான், அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அது இல்லாமல் நான் செய்தது புரியாது. அதற்கு முந்தின வருஷம் கொரோனா வந்து வீட்டில் எல்லோரும் படுத்து எழுந்தோம். எங்களுக்கெல்லாம் பத்து நாளில் சரியாகிவிட்டது. மதினிக்கு மூக்கு மட்டும் திரும்பவில்லை. மூன்று மாசம் எந்த வாசமும் இல்லை. அதன்பிறகு வந்த வாசமும் கோளாறாக இருந்தது: காப்பியில் ரப்பர் கருகுகிற வாடை, மல்லிகைப் பூவில் அழுகல். பைய சரியாகும் என்றார் டாக்டர். கேக் செய்கிறவருக்கு மூக்கு இல்லையென்றால் என்ன செய்வது? முட்டை வாடை போயிருக்கிறதா, வெண்ணெய் காறியிருக்கிறதா என்று தெரியவேண்டுமே. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி நான்தான். ஒவ்வொரு கேக்கும் படியிறங்குவதற்கு முன்னால் மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிடுவார். “தம்பி, இங்கன வந்து ஒரு மோப்பம் பிடிங்க.” நான் இறங்கிப் போய், குனிந்து முகர்ந்து, சரி என்பேன். சரி என்று நான் சொன்ன பிறகுதான் பெட்டி மூடப்படும். ஒருதடவை வெண்ணெயில் லேசாக ஒரு வாடை இருக்கிறது என்று சொன்னேன். மறுபேச்சு பேசாமல் அத்தனை கிரீமையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த மனிதர் வேறு யாரும் என் வாழ்க்கையில் இல்லை.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அண்ணனும் மதினியும் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரலுக்குப் போனார்கள்; மதினியின் அம்மா வீடு அங்கே. இரண்டு நாள் வீட்டில் நான் மட்டும். தண்ணீர் அடிப்பது வேறு, பெயிண்ட் அடிப்பது வேறு. பெயிண்டை அடித்துப் பார்க்காமல் எந்த வகை எனக்குச் சரிப்படும் என்று எப்படித் தெரியும்? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு வண்டி, அடித்துவிட்டு நன்றாகக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியும்? மத்தியானம் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். எடுக்கும்போது எழுத்து கண்ணில் பட்டது. படவில்லை என்று சொன்னால் அது பொய்.

அன்றைக்கு அடித்தது ஒரு சிவப்பு ஜீப். கார் பட்டறையில் பயன்படுத்துகிற லாக்கர் பெயிண்டைத் தின்னரில் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். விசையை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். சிவப்பு வந்து படிந்தது. கோடு இல்லை, திட்டு இல்லை. ஒரு சுற்று, காயவிட்டு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் பானெட்டில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து தெரிந்தபோது நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாச ஆராய்ச்சி பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது: எனக்கு வேண்டியது இந்த வகைதான், இந்த முனைதான், வேறெதையும் பார்க்கவேண்டியதில்லை. பிறகு தின்னர் ஊற்றிக் கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவினேன். வெந்நீர் விட்டேன். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு துளியும் ஒட்டவில்லை. பெட்டியில் வைத்து, அவர் வைக்கிற மாதிரியே எழுத்து வெளியே தெரிய அலமாரியில் வைத்தேன். ஊசியைச் சுற்றி உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, தின்னர் பட்டால் அது ஊறி உப்பி வாடையை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது. கண்ணுக்குத்தான் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரன் புத்தி.

மாதா திருநாளன்று ஒரு டீச்சரின் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். உவரிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். வீட்டில் முதல் பெண் குழந்தை என்பதால் ஊரிலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மதினி இரண்டு நாள் உட்கார்ந்து செய்த கேக் அது. வெள்ளைக் கிரீம், ஓரத்தில் நீல வானம், நடுவில் சர்க்கரையில் செய்த கிண்ணமும் அப்பமும். காலையில் வானத்தை அடித்து முடித்துவிட்டு வழக்கம்போலக் கூப்பிட்டார். டீச்சரின் தம்பி வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தார், பூசைக்கு நேரமாகிறது என்று. நான் இறங்கிப் போனேன். மதினி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“ஏதோ மண்ணெண்ண மாதிரி வருது தம்பி. எனக்கு மட்டுந்தானா, உங்களுக்கும் வருதா?”

குனிந்தேன். குனிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. தின்னர். வெனிலா வாசத்துக்கு அடியில், லேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். கிரீம் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பார் மதினி. அதற்காகவே வெங்காயத்தைப் பிரிட்ஜ் பக்கமே விடமாட்டார். நிமிர்ந்தபோது வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. அலமாரியில் பெட்டி இருந்தது, எழுத்து என்னைப் பார்த்தபடி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேக் நிற்கும், டீச்சர் வீட்டில் கோபப்படுவார்கள், மதினி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்துப் பயந்தேன். நாற்பது வயது ஆள், அடுக்களையில் எடுக்கக்கூடாததை எடுத்து அகப்பட்டுக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

“உங்களுக்குத்தான் மதினி. நல்லா வெனிலா வாசந்தான் வருது,” என்றேன். கடையில் பிரேம் போட்டுப் பார்க்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல்.

அவர் முகம் உடனே தெளிந்தது. பெட்டியை மூடி ரிப்பன் கட்டினார்.

சாயங்காலம் டீச்சரே வந்தார். கையில் அதே பெட்டி. சண்டை போடவில்லை, போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துத் திறந்தார். ஒரு மூலையில் மட்டும் வெட்டியிருந்தது. சாமியார் ஜெபித்து முதல் துண்டைப் பிள்ளைக்கு ஊட்டியதும் அது வாயில் வைத்த மாத்திரத்தில் உள்ளங்கையில் துப்பிவிட்டதாம். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் பிள்ளை அழுதிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். “உங்க மேல கோவிச்சுக்கிட்டு வரலக்கா,” என்றார் டீச்சர். “பெயிண்டு வாட அடிக்கி. உங்களுக்குத் தெரியணும்லா, அதான் வந்தேன்.”

மதினி கேக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் குனிந்து முகர்ந்தேன், ஏதோ முதல்முறை முகர்கிற மாதிரி. இப்போது வருகிறது என்றேன். எசன்ஸ் பழசாக இருந்திருக்கும், வெயிலில் மாறியிருக்கும் என்றேன். “காலையில நான் கேட்டேனே தம்பி,” என்றார் மதினி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தன் ஞாபகம் சரிதானா என்று கேட்கிற குரல். காலையில் வரவில்லை என்றேன். அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். டீச்சரிடம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதன்பிறகு ஒரு மாசம் அவர் பட்ட பாட்டைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. எசன்ஸ் பாட்டில்கள் அத்தனையையும் வெளியே எறிந்தார். வெண்ணெய் வாங்கும் இடத்தை மாற்றினார். பிரிட்ஜைக் காலி செய்து சோடா மாவு போட்டுக் கழுவினார். சின்னச் சின்னக் கேக்காகச் செய்து பார்த்தார். கிரீம் வெறுமனே இருந்தால் சரியாக இருக்கும், அலங்காரம் செய்தால் வாடை வரும்; ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஏர்பிரஷைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். அதை அவர் தண்ணீரிலும் கலரிலும் தவிர வேறெதிலும் முக்கியதில்லையே, அதை ஏன் சந்தேகப்படப் போகிறார்? கடைசியில் அவருக்குக் கிடைத்த ஒரே பதில் தன் மூக்குத்தான். “எனக்கு மூக்கும் செத்துப்போச்சு, கைப்பக்குவமும் போச்சு. இத நம்பி அடுத்தவங்க பிள்ளைக்கு எப்படிக் கொடுக்க?” என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன், கொஞ்ச நாள் சும்மா இரு என்றான். கேட்டு வந்தவர்களிடமெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். வருகிறவர்கள் தானாகவே குறைந்துபோனார்கள். அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு அந்த வருஷம் கடையிலிருந்து கேக் வந்தது. மதினி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றார்.

அதற்கு மறுநாள் மாடிக்கு வந்து அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்தார். “இத்தன மாசமா தேடிக்கிட்டு இருக்கீங்கள்லா. இத வச்சுக்கோங்க தம்பி. எனக்கு இனிமே எதுக்கு?” என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன். என் முதல் ஏர்பிரஷ் எனக்குக் கிடைத்த விதம் அதுதான். அதில் நான் அடித்த கார்கள் இன்று இரண்டு அலமாரி நிறைய நிற்கின்றன. போனில் படம் போட்டால் எங்கெங்கோ இருப்பவர்கள் பாராட்டுகிறார்கள், முதல் ஏர்பிரஷ் எதை வாங்கலாம் என்று என்னிடமே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் போடுவதில்லை. சிவப்பு ஜீப் அலமாரியில் இல்லை. அது கடையில், லென்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் கிடக்கிறது.

மதினிக்கு மூக்கு எப்போதோ சரியாகிவிட்டது. டாக்டர் சொல்லியாயிற்று. மழை வரப்போவதை எனக்கு முன்னாலேயே மண்வாசத்தில் தெரிந்துகொள்கிறார். ஆனாலும் நம்பமாட்டார். பால், மீன், காலையில் அரைத்த மாவு, எதுவானாலும் மாடிப்படி அடியில் வந்து நின்று கூப்பிடுவார். நான் இறங்கிப் போய் முகர்ந்து சொல்லுவேன். ஒவ்வொரு முறையும் நிஜத்தைத்தான் சொன்னேன். அதனால் அந்த ஒரு பொய் கரைந்துவிடும் என்று எனக்கு நினைப்பு. கரையவில்லை. 

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏர்பிரஷ் வேலை செய்யாமல் நின்றது. கழற்றிப் பார்த்தேன். உள்ளிருந்த ரப்பர் வளையம் உப்பிக் கிழிந்து இரண்டாக வந்தது. மேசையில் தின்னர் பாட்டில் மூடாமல் இருந்தது. கழற்றிய கிண்ணம் பக்கத்தில் ஒரு தட்டில் தின்னரில் ஊறிக்கொண்டிருந்தது. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போன மதினி என் வாசலில் நின்றார். கை நிறையத் துணி. உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டில் அவர் கண்ணெதிரே இருந்தது.

“தின்னர் வாசம் வருதா தம்பி?” என்று கேட்டார். “இல்ல, எனக்குத்தான் அப்பிடித் தோணுதா?”

திறந்த பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இப்படிக் கேட்கிறார். கேட்கும்படி ஆக்கியது நான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“வருது மதினி,” என்றேன். “அன்னைக்கு அந்தப் புதுநன்மைக் கேக்குலயும் வந்துச்சு. காலையிலேயே வந்துச்சு. நீங்க ஏரலுக்குப் போயிருந்தப்ப நான் இதுல பெயிண்டு அடிச்சேன்.”

 அவர் உள்ளே வந்து துணிகளைக் கட்டிலில் வைத்தார். கிழிந்த வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார். திட்டுவார், அழுவார், ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். 

“எனக்கு வந்துச்சு,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “அன்னைக்கு எனக்குச் சரியாத்தான் வந்துருக்கு.”

துணிகளை எடுத்துக்கொண்டார். போகும்போது மேசையிலிருந்து அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார், வெறும் பெட்டியை. ஏர்பிரஷ் துண்டு துண்டாக என் முன்னால் கிடந்தது.

அது நடந்து இன்றோடு ஆறு நாள். மாடிப்படி அடியில் யாரும் வந்து என்னைக் கூப்பிடவில்லை. பெட்டி அடுக்களை அலமாரியில் பழைய இடத்தில் இருக்கிறது, எழுத்து வெளியே தெரிய, உள்ளே ஒன்றுமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு நேராக அதுதான் தெரிகிறது. மதினி எப்போதும்போலச் சோறு போடுகிறார், தேவையானதைப் பேசுகிறார். நேற்றுக் காலை அடுப்படியில் நின்று பால் சட்டியைத் தூக்கி அவரே ஒருமுறை முகர்ந்தார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டியில் ஊற்றினார்.